கொழுந்து நிறுக்கும் இடத்தில் பள்ளிக்கூடம்

"வெளங்கல சேர், இன்னொரு தடவ சொல்லுங்க" என்கிறார் துஷ்யந்தி. சொல்லிவிட்டுக் கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒரு கறுவாப்பட்டைத் துண்டை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிறார். மறுமுனையில் மேலதிகாரி தம் உத்தரவைத் திரும்பச் சொல்கிறார். "இல்லீங்க சேர், இன்னும் வெளங்கல." மறுபடி சொல்லும்போது அந்தக் குரலில் லேசான கூச்சம் ஏறியிருக்கும். சொல்லச் சொல்லத் தம் உத்தரவின் லட்சணம் அவருக்கே தெரிந்துவிடும். "சரி, நீங்களே பாத்துச் செய்ங்க" என்று பேச்சு முடியும்.

துஷ்யந்திக்கு விளங்காமல் என்ன? பதுளைக் கடைவீதியில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். மூன்று மொழியிலும் பேரம் பேசுவார். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் கோட்டக் கல்விப் பணிப்பாளரான இவரின் பொறுப்பு. சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் கன்வஸ் சப்பாத்து. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் தலைமை ஆசிரியரான அதிபர் இழுத்துப் போடும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். நேரே கக்கூஸுக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீர் வந்தால்தான் அதிபருக்கு வணக்கம். "வசதி இல்லீங்க மிஸ்" என்று யாராவது ஆரம்பித்தால், "அதுதான் தெரியுமே, அடுத்ததச் சொல்லுங்க" என்பார்.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, இனிப் பாடமெல்லாம் கைபேசியில்தான் என்று உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் கைபேசி இருந்த வீடுகளே கொஞ்சம். இருந்த வீட்டிலும் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் தேயிலை மலைக்கு மேலேயுள்ள பாறையில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். ஒரு மழை நாளில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் இராக்கம்மாவின் மகள் தயானி அங்கிருந்து சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பாறைக்கே போகாத பிள்ளைகளும் இருந்தார்கள். பயணத்தடை தளர்ந்ததும் அவர்களில் சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் பஸ் ஏறிவிட்டார்கள்.

துஷ்யந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தயானியைப் பார்த்தார். வெளியே வந்ததும் அதிபர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார். "இனிமே எம் புள்ளைங்க ஒருத்தரும் பாற ஏறக் கூடாது. டீச்சர்மாரு லயத்துக்குப் போகட்டும்." தோட்டங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆசிரியர்கள் லயங்களின் முன்னால் நாலைந்து பிள்ளைகளாகத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு தயானியின் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, கூட்டம் கூடக் கூடாது என்று வகுப்புகளை நிறுத்திவிட்டார். ஆசிரியர்கள் உள்ளே வராதபடி கேட்டையும் பூட்டச் சொன்னார். மேலதிகாரியும் அவர் பக்கம்தான். "சுற்றறிக்கைய மீறுறீங்க. உங்க உத்தியோகத்துக்கே ஆபத்து" என்றார். அன்று துஷ்யந்தி மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

"நல்லா வெளங்குது சேர்" என்று சொல்லிக் கைபேசியை அணைத்தார்.

மறுநாள் பூட்டிய கேட்டை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் சாக்குகளோடு வரிசையாக நின்றார்கள். தோள் தோளோடு உரசும் வரிசை. கொரோனாவிலும் தோட்ட வேலை ஒரு நாளும் நிற்கவில்லையே! கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து, லயத்துப் பிள்ளைகளை வரவழைத்து எதிரில் உட்காரவைத்து, துஷ்யந்தியே பின்னக் கணக்கு ஆரம்பித்தார்.

துரையின் ஜீப் வந்து நின்றது. "மிஸ், இங்க கூட்டம் போடக் கூடாது. கொரோனா" என்றார் அவர், தமக்குத் தெரிந்த தமிழில்.

"கொழுந்து நிறுக்கக் கூடுனா வராத கொரோனா, கணக்குப் படிக்கக் கூடுனா வந்துருமா?" வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரல். "எனக்கு வெளங்கல. நீங்களே வெளங்கப்படுத்துங்க."

துரை வாயைத் திறக்குமுன் வரிசையின் முன்னால் நின்ற இராக்கம்மா, தராசில் மாட்டிய சாக்கைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அப்ப நாங்களும் கூடலீங்க தொர. கொரோனா போகட்டும், அப்புறமா நிறுத்துக்கலாம்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சாக்கை இறக்கினார்கள். ஃபெக்டரி லொறி உறுமிக்கொண்டு நின்றது. கொழுந்து வாடினால் யாருக்கு நட்டம் என்பது துரைக்குத் தெரியும். லொறியைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார். கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, அங்கே நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பள்ளிக்கூடங்கள் திறக்கும்வரை அங்கேதான் வகுப்பு நடந்தது.

துஷ்யந்தியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வும் வேறொருவருக்குப் போனது. வீட்டில் திட்டு விழுந்தபோது, "போனாப் போகட்டும். அண்ணன் கடையில மொளகா நிறுத்துப் பொழச்சுக்கிறேன்" என்றார். பள்ளிக்கூடங்கள் திறந்ததும் கொழும்புக்குப் போய், வேலைக்குப் போன பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் சிலரைக் கூட்டிவந்தார். பலர் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மழுப்புவதில்லை. "அதுல நான் தோத்தேன்" என்பார், கண்ணை நேரே பார்த்து.

அண்மையில் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணினி அறைத் திறப்பு விழா. துரையும் மேலதிகாரியும் மாலை போட்டுக்கொண்டு நின்றார்கள். வாசலில் சிவப்பு நாடா. தாம்பாளத்தில் கத்தரிக்கோலை வைத்து அதிபர் துஷ்யந்தியிடம் நீட்டினார்.

"உள்ள கரண்ட் வருதா?"

"இந்தா வந்துரும் மிஸ். மொதல்ல நீங்க வெட்டுங்க, போட்டோக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு."

துஷ்யந்தி கத்தரிக்கோலைத் தொடவில்லை. ஒரு விரலால் நாடாவைத் தூக்கி, தலையைக் குனிந்து அதற்குக் கீழே புகுந்து உள்ளே போய், சுவரில் கையால் துழாவிச் சுவிட்சைத் தட்டினார்.