துறைமுகக் குழம்பு

சறோஜினிதேவிக்கு அறுபத்தேழு வயதாகிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அண்மையில் இருபத்தோராண்டாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். நயினாதீவுக்குப் போகிறவர்களும், நெடுந்தீவிலிருந்து வந்து பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் அவருடைய பிட்டையும் சம்பலையும் நன்கு அறிவார்கள். எவருக்கும் தீங்கு நினைத்தறியாதவர். அப்படிப்பட்டவரைப் பொறாமை பிடித்துக்கொண்டது, அதுவும் ஒரு பழைய அட்டையைப் பார்த்து.

அந்த அட்டை, சிவரூபியின் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கொழும்பிலே, துறைமுகத்துக்குப் போகும் தெருவில், சிவரூபியின் பாட்டனார் நடத்திய சைவச் சாப்பாட்டுக்கடையின் உணவுப் பட்டியல் அது. அறுபத்தெட்டாம் ஆண்டு அச்சிட்டது. கடை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்துபோயிற்று. அட்டை மட்டும் புங்குடுதீவு வீட்டு அலுமாரிக்குள் தப்பிக் கிடந்தது. சிவரூபி சென்ற ஆண்டு அதைக் கண்டெடுத்து, அதிலுள்ளவற்றைச் சமைத்து விற்பதற்கென்றே வீதியோரத்தில் ஒரு கடையைத் தொடங்கினாள். பால்போளி, கிழங்கு ரொட்டி, மிளகுத்தண்ணி, ஈரப்பலாக்காய்க் கட்லட் என்று பட்டியல் நீண்டது. பாதியை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அட்டையைப் படம்பிடித்துவிட்டுத்தான் கதிரையில் அமர்ந்தார்கள்.

அவற்றையெல்லாம் அந்நாளில் சமைத்தவர் சறோஜினிதேவியின் தகப்பனார் கதிர்காமு. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் குசினியில் வெந்தவர். அட்டையின் தலைப்பில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சமையற்காரரின் பெயர் எங்கும் இல்லை. அதைக்கூடச் சறோஜினிதேவி பொறுத்துக்கொள்வார். பொறுக்கமுடியாதது வேறு. கதிர்காமு ஆண்டுக்கு இரண்டு முறைதான் ஊருக்கு வருவார். வந்தால் அகப்பையைத் தொடமாட்டார். கடைச் சமையற்காரர்கள் பலருக்கும் அது வழக்கம். மனைவி சமைத்துப் போட, காலை நீட்டியிருந்து சாப்பிடுவார்கள். ஆகவே, அந்தக் கடைப்படி ஏறிய எவரும் ருசித்த கைச்சமையலைப் பெற்ற மகள் ஒருநாளும் ருசிக்கவில்லை.

பட்டியலின் கடைசியில் 'துறைமுகக் குழம்பு, வெள்ளிக்கிழமை மாத்திரம்' என்று ஒரு வரி இருந்தது. அது என்ன குழம்பென்று சிவரூபிக்கு விளங்கவில்லை. ஒருநாள் சறோஜினிதேவியின் கடைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, கனடாவிலை இருந்து பரராசசிங்கம் பெரியப்பா வந்து நிக்கிறார். வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போயிட்டு வந்து எங்கடை கடையிலைதான் சாப்பாடு. அந்தத் துறைமுகக் குழம்புதான் வேணுமாம். உங்கடை ஐயா வைச்ச குழம்பெல்லோ, உங்களுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி வீட்டுப் பெண்ணின் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"தெரியாமல் என்ன பிள்ளை? அது புழுக்கொடியலை இடிச்சுப் போட்டு வைக்கிற குழம்பு. நீர் அடுப்பை மட்டும் விடும், நானே வந்து வைக்கிறன்."

முழுப் பொய்யன்று. கதிர்காமு கொழும்புக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு பை நிறையப் புழுக்கொடியல் கொண்டுபோவார். பனங்கிழங்கை அவித்துக் கிழித்து வெயிலில் பரப்பிவிட்டு, பக்கத்திலிருந்து காகம் விரட்டியவர் சிறுமி சறோஜினிதேவிதான். அதில் ஒன்றை எடுத்துக் கடிக்கத் தாயார் விட்டதில்லை. "அது ஐயாவின்ரை கடைக்கு, வையடி!" என்பார். கடைக்கென்றால் குழம்புக்கல்லாமல் வேறெதற்கு? தீவில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வெள்ளிக்கிழமை நண்பகல், பரராசசிங்கம் நெற்றியில் விபூதியோடு படகிலிருந்து இறங்கி நேரே சிவரூபியின் குசினிக்குள் வந்தார். பழைய முதலாளியின் மூத்த மகன், எழுபத்துநான்கு வயது. சட்டியிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. ஆனால் இது அதில்லை."

சிவரூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா, கதிர்காமு அப்பு கனவிலை வந்து சொல்லித் தந்த குழம்போ?"

சறோஜினிதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. "புழுக்கொடியல் போடாமல் வேறை என்னத்தைப் போட்டவர்? பை பையாக் கொண்டந்தவரெல்லோ!"

"அதோ?" பரராசசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அது எனக்கும் தம்பிக்கும்! பள்ளிக்கூடத்தாலை வந்தவுடனை ஆளுக்கு ரண்டு தருவார். 'ஊரிலை என்ரை மகள் காயவைச்சது, சிந்தாமல் தின்னுங்கோ' எண்டுவார். சப்பிச் சப்பிப் பல்லு நோகும்."

மகள் என்ற சொல் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும், இருக்கவில்லை. தமக்குக் கிடைக்காத குழம்பு போதாதென்று, தாம் காயவைத்த புழுக்கொடியலையும் இந்த மனிதரல்லவா தின்றிருக்கிறார்! ஆயினும், தகப்பனின் சமையலை அறிந்த நாக்கு இனி இந்தத் தீவில் அது ஒன்றுதான். கேட்காமல் விட்டால் அதுவும் நாளை விமானம் ஏறிவிடும்.

"அப்ப, அண்ணை, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோவன்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"குசினி வாசலிலை நிண்டு பாத்தனான். திருவின தேங்காய்ப்பூவைக் கறுக்க வறுத்து அரைப்பார். புளி கொஞ்சம் கூடுதல். காலமை மிஞ்சின கடலைவடையளை உடைச்சுப் போட்டு மூடிவிடுவார்."

"மிஞ்சின வடையோ!" என்று சிவரூபி கூவினாள். அட்டையில் அழகாக அச்சேறிய பெயருக்குள் விற்காத வடை இருக்குமென்று அவள் எண்ணியிருக்கமாட்டாள். சறோஜினிதேவியும் எண்ணவில்லை. அவருடைய கடையில் மிஞ்சும் வடை மாட்டுக்குப் போகும்.

நல்லவேளையாக, சிவரூபியின் கடையில் அன்று காலை வடை மிஞ்சியிருந்தது. சறோஜினிதேவி இரண்டாம் சட்டியை ஏற்றினார். பரராசசிங்கம் பக்கத்தில் நின்று ருசி பார்த்தார். "புளி காணாது." சற்றுப் பொறுத்து, "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்." ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவதைக் காண, அகப்பையாலேயே ஒன்று போடலாம்போல் இருந்தது. மூன்றாம் முறை ருசி பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போய் அமர்ந்தார்.

சிவரூபி வாழையிலைகளை விரித்தாள். "அக்கா, பெரியப்பாவுக்கு நீங்களே போட்டுவிடுங்கோவன்."

"எனக்கு ஏலாது, பிள்ளை." சறோஜினிதேவி கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பரராசசிங்கத்துக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். சமைத்தவர் கடைசியில் உண்பதுதான் அங்கே முறை. "எனக்கும் ஒரு இலை. முதல் எனக்குப் போடும்."

சிவரூபி இன்னோர் இலையை அவர் முன்னால் விரித்தாள். முதலில் அவருக்கே போட்டாள்.

குழம்பு தூக்கலாகப் புளித்தது. கறுத்த தேங்காய் தொண்டையில் இலேசாகக் கசந்தது. தம்முடைய சட்டியாக இருந்தால் இவ்வளவு புளி விட்டிருக்கமாட்டார். ஊறிய வடைத் துண்டொன்றை எடுத்து, மெதுவாக, நெடுநேரம் மென்றார்.

"என்ன தங்கச்சி, அதேதானே?" என்று பரராசசிங்கம் ஆவலோடு கேட்டார்.

"ஓம் அண்ணை, அதேதான். நாங்கள் சின்னனிலை சாப்பிட்ட அதே ருசி," என்று கூசாமல் சொல்லிவிட்டு, சறோஜினிதேவி சட்டியைத் தம் பக்கமாக இழுத்துக்கொண்டார்.