இரண்டாம் நம்பர் ஃபோர்மும் ஒரு துவக்கும்

போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் ஒரு பொதுக்கூட்டம். அதற்கு முந்திய வாரம், மூன்று தெரு தள்ளி ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் துவக்குச் சூடு நடந்திருந்தது. ஒருவர் காலில் குண்டுக் காயத்தோடு தப்பினார். உடனே இரண்டு கட்சிக்காரர்கள் புறப்பட்டு வந்துவிட்டார்கள். காயப்பட்டவரைப் பார்க்க அல்ல. எங்களைப் பார்க்க.

முதலாமவர் எழுந்தார். எல்லாத் துவக்குகளையும் பதிவு செய்துவிட்டால் நாடு அமைதியாகிவிடும் என்றார். கைதட்டல்.

இரண்டாமவர் எழுந்தார். துவக்கு என்ன பாவம் செய்தது, மனநோயாளிகளைக் கவனியுங்கள் என்றார். அதற்கும் கைதட்டல். தட்டியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

'அவர்களைக் கவனித்த ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் குறைத்தது உங்கள் கட்சிதானே?' இது முதலாமவர்.

'அதற்கு மத்திய அரசிலிருந்து வந்துகொண்டிருந்த நிதியை ஒட்டாவாவில் இருந்து வெட்டியது உங்கள் கட்சிதானே?' இது இரண்டாமவர்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கிளார்க்காக முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன். ஒரே கோப்பை இரண்டு இலாகாக்கள் பந்து போல உதைத்து விளையாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். மைக் பிடித்துச் செய்ய எங்களுக்கு வெட்கம் இருந்தது.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து யோகா எழுந்தாள். எங்கள் கட்டிடத்தில் ஏழாம் மாடி. பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. தம்பி குமாரோடு இருக்கிறாள். கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் அல்ல. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். தம்பிக்குச் சுகமில்லை. இரண்டு கிழமையாக நித்திரை இல்லை. யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்கிறான். அவனிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருக்கிறது. நாளைக்குக் காலையில் நான் யாருக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும்?

இதைவிடத் தெளிவான கேள்வியை ஒருவர் கேட்க முடியுமா?

முதலாமவர் அவளைக் கை காட்டினார். 'இதற்காகத்தான் பதிவுச் சட்டம் வேண்டும் என்கிறேன்!' இரண்டாமவரும் அவளைக் கை காட்டினார். 'இதற்காகத்தான் அந்தச் சட்டம் வீண் என்கிறேன்!' ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினார்கள். ரெலிபோன் நம்பர் மட்டும் வரவில்லை. யோகா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. கொதிப்பில் பாதி அவர்கள் மேல்... மீதி என் மேல். ஏனென்று சொல்கிறேன்.

குமார் மூன்று வருஷத்துக்கு முன் தொழிற்சாலை நண்பன் ஒருவனோடு வடக்கே மான் வேட்டைக்குப் போய்ப் பழகினான். துவக்கு வாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். விண்ணப்பத்தில் அவனைத் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் பெயர் வேண்டும். எங்கள் கட்டிடத்தில் ஃபோர்ம் என்றால் எல்லோரும் எங்கே வருவார்கள்? என்னிடம்தான். எழுத்துப் பிழை பார்த்தேன், தேதி சரியா என்று பார்த்தேன், என் பெயரையும் கொடுத்தேன். 'இது உனக்கு எதற்கு?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபோர்மில் அந்தக் கேள்வி இருக்கவில்லை, பாருங்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஊரில இருக்கிற ஃபோர்மெல்லாத்திலயும் உங்கட பேர்தான். இப்ப போய் அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பாருங்கோ," என்றாள்.

வழி இருந்தது. சட்டத்தில் இருந்தது, மேடையில் இருந்த இருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நம்பர் ஃபோர்ம். சுகமில்லாதவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து வரலாம் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால், ஆளை டாக்டரிடம் கூட்டிப்போகும்படி பொலிசுக்கு உத்தரவு தருவார். அந்த உத்தரவு ஏழு நாளுக்குச் செல்லும்.

அடுத்த நாள் காலை யோகாவும் நானும் கோர்ட்டுக்குப் பஸ் பிடித்தோம்.

"தம்பிக்கு என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ரத்தம் சோதிக்க ஆக்கள் வருவினம் எண்டு சொன்னனான் அங்கிள்."

"துவக்கு?"

"அது அவன்ர அறை அலுமாரிக்குள்ள. மேசை லாச்சியில கிடந்த துவக்கு ரவையெல்லாம் எடுத்து அரிசி வாளிக்குள்ள போட்டிட்டன். அவனுக்குத் தெரியாது."

நல்லது என்றேன். இதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். வருத்தக்காரனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவனுடைய நோயைச் சொல்வோம். புற்றுநோய்க்காரனுக்கு வயிற்றுப்புண் என்போம். மனம் சுகமில்லாதவனுக்கு அதுவும் இல்லை, அவன் இருக்கும்போதே அடுத்த அறையில் நின்று குசுகுசுப்போம். நானும் அதைத்தான் செய்தேன். அப்போது அது சரியாகவே பட்டது.

நீதவான் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், கையெழுத்திட்டார். பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர்கள் யோகாவின் வீட்டுக்கு வந்தார்கள். குமார் சோபாவில் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டு தலையாட்டினான்.

பொலிஸ்காரரில் மூத்தவரை நான் குசினிக்குள் அடுப்படிப் பக்கம் கூப்பிட்டுத் துவக்கைப் பற்றி மெல்லச் சொன்னேன். அவர் கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் ஆளின் பெயர்தான் இருக்கிறது என்றார். துவக்குக்கு லைசன்ஸ் இருக்கிறதா? இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறாரா? ஓம். அப்படியென்றால் துவக்குக்கு வேறு உத்தரவு கேட்டுப் பார்க்க வேண்டும், அல்லது சொந்தக்காரர் தானாகத் தர வேண்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கிறீர்களா? ஒரு மனிதனை வீட்டிலிருந்து கொண்டுபோக ஒரு தாள் போதும். அவனுடைய துவக்கைக் கொண்டுபோக இன்னொரு தாள்! ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வரும்போது அது அலுமாரிக்குள் காத்துக்கொண்டிருக்கும். அவனுக்குப் பத்திரம் கிடைக்க என் பெயரைக் கொடுத்த நான், விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அந்தப் பொலிஸ்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். யோகா அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது குசினி வாசலில் குமார்.

"ஏன் எல்லாரும் குசுகுசுக்கிறியள்? நான் இஞ்சதானே இருக்கிறன். எனக்குக் காது கேக்கும்."

யோகா கண்ணைத் துடைத்தாள். "ஒண்டுமில்லையடா... ரத்தம் சோதிக்க..."

"ரத்தம் சோதிக்கப் பொலிஸ் வாறதோ அக்கா? நான் வருத்தக்காரன்தான், ஒண்டும் விளங்காத விசரன் எண்டு நினைச்சிட்டியளோ?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அங்கிள், உந்தத் துவக்கைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. எனக்கே அதுக்குப் பக்கத்தில படுக்கப் பயமாக் கிடக்கு. ஒரு மாசமா ஆரிட்டச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. என்னையும் கூட்டிக்கொண்டு போய் நித்திரை வாறதுக்கு ஏதாவது மருந்து தரச் சொல்லுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் ஒரு தாள் எடுத்தார். குமார் கையெழுத்துப் போட்டான். அலுமாரித் திறப்பையும் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் துவக்கை எடு என்கிறார், மற்றவர் மருந்தைக் கொடு என்கிறார். வருஷக்கணக்காகச் சண்டை. சுகமில்லாதவன் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிய அந்த ஒருவன்தான் இரண்டும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னான். அவனிடம் அதுவரை யாராவது கேட்டோமா? கட்சிகள் கேட்கவில்லை. அக்கா கேட்கவில்லை. ஃபோர்ம் நிபுணர் நானும் கேட்கவில்லை.

கதை சுபம் என்று நினைத்தால் தவறு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே குமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் இல்லை. ஒரு போத்தல் மருந்துக் குளிசையும், ஒரு மனநல டாக்டரின் பெயரும் கொடுத்தார்கள். அந்த டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கார் ரயர் மாற்றுவதற்குக்கூட இதைவிட விரைவாக அப்பொயின்ட்மென்ட் கிடைக்கிறது! குமார் இப்போது இரவில் நாலு மணித்தியாலம் தூங்குகிறான். யோகா அவன் குளிசை போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். அந்த மூன்று மாதமும் இப்படித்தான் போக வேண்டும்.

போன கிழமை அந்த இரண்டு கட்சி அலுவலகங்களிலிருந்தும், ஒரு நாள் இடைவெளியில், எங்கள் கட்டிடத்தில் யாரிடமோ நம்பர் வாங்கி எனக்கு ரெலிபோன் எடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் சகோதரி தங்கள் மேடையில் வந்து பேச முடியுமா? இருவரும் மிக மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

யோகாவிடம் சொன்னேன். அடுத்த நாள் வந்து பதில் சொன்னாள்.

"வாறன் எண்டு சொல்லுங்கோ அங்கிள். ஆனால் நான் பேசேல்ல. தம்பி பேசுவான். கட்டில் எங்க எண்டு அவனே கேப்பான். நான் அவனிட்டக் கேட்டுட்டன், அவனும் ஓம் எண்டவன்."

இரண்டு அலுவலகங்களுக்கும் அப்படியே சொன்னேன். 'யோசித்துச் சொல்கிறோம்' என்றார்கள் இரண்டு பேரும். இந்த விவகாரத்தில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.