தட்டு கொடுத்த பல்கலைக்கழகம்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு செத்துப்போன கொழுந்தனுடையவை. ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் பலகை படிக்கத் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

கடைக்குட்டி மகள் திருச்சியில் பி.ஏ. முடித்தாள். அப்போது எங்கள் திருமானூர்ப் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாதான். மேலே எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றாள். என்ன படிப்பு என்று கேட்டேன். ஒப்பிலக்கியம் என்றாள்.

“அப்படின்னா?”

“ரெண்டு பாஷையில உள்ள கதைய, பாட்டப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதும்மா.”

“பாத்து?”

“பாத்து எழுதணும்.”

இரண்டு ரக நெல்லைப் பக்கத்துப் பக்கத்து வயலில் நட்டு, எது எப்படிக் கதிர் வாங்குகிறது என்று பார்ப்போம். அது போல என்று புரிந்துகொண்டேன். அதற்கு இரண்டு வருஷம் ஆகுமா என்பது மட்டும் சந்தேகமாக இருந்தது.

இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று தெற்கே, அரியலூரில் ரயிலேறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். இன்னொன்று கல்கத்தாவில், போகவே இரண்டு நாள். எதில் சேருவது என்று பத்து நாளுக்குள் எழுதிப்போட வேண்டும். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். முடிவு என்னுடையது.

அவளுக்கு மூத்த பெண்கள் இரண்டு பேரையும் ஏற்கெனவே கட்டிக்கொடுத்திருந்தேன். வீடு பார்க்காமல் ஒருத்தியையும் அனுப்பியதில்லை. ஆகவே தம்பியைக் கூட்டிக்கொண்டு தெற்கே இருந்ததைப் பார்க்கப் போனேன். மகளிடம் சொல்லவில்லை, பெண்ணை வைத்துக்கொண்டு வீடு பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், எவர்சில்வர் தட்டு எல்லாம் பையில் இருந்தன.

“அக்கா, அது காலேஜி. சம்பந்தி வூடு இல்ல,” என்றான் தம்பி.

“ரெண்டு வருசம் புள்ளைக்குச் சோறு போடப்போற எடம். பேசாம வா.”

முன்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். நான் பின்பக்கமாகப் போனேன். பெண்கள் விடுதிக் குழாயில் தண்ணீர் குடித்துப் பார்த்தேன்; உப்பில்லை. சமையல்கட்டுச் சாம்பாரில் பருப்பு இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம், பிள்ளைகள் அழுகிறார்களா என்று கேட்டேன். “மொத வாரம் அழுவுங்க. அப்புறம் லீவு வுட்டாலும் ஊருக்குப் போவாதுங்க,” என்றாள். வேறென்ன பார்க்க இருக்கிறது?

துறைத் தலைவர் அறைக்குப் போனோம். தலை நரைத்த மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை போல. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, “பொண்ணுகிட்ட குடுங்கம்மா,” என்று கொடுத்தார். தட்டு போயிற்று, எதிர்த்தட்டு வந்தது. என்னைப் பொறுத்தவரை நிச்சயம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பேனாவை மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நான் கல்கத்தா போகணும்மா. அங்க வங்காளம் சொல்லித் தருவாங்க. இன்னொரு பாஷை தெரியாம நான் எத எதோட வெச்சுப் பாக்கறது?”

“வார்த்த குடுத்துட்டேன்டி.”

“என்னைக் கேட்டியா?”

கேட்கவில்லை. அவள் அக்காள்கள் இரண்டு பேரையும்கூட நான் கேட்டதில்லை. அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் அவள் சாப்பிட்டாள், பேசினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. அழுதிருந்தால் நாலு திட்டுத் திட்டி முடித்திருப்பேன்.

மூன்றாம் நாள் பேனாவை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாக ரயிலேறினேன். நிச்சயத்தை முறிக்கிறவர்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆள் மூலம் அனுப்புவது மரியாதை இல்லை. கொடுத்த வார்த்தையை நான் திரும்ப வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

பேனாவை அவர் மேசையில் வைத்தேன். “பொண்ணு கல்கத்தாவுக்குப் பிரியப்படுதுங்க. தப்பா நெனைக்காதீங்க.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அலமாரி மேலே இருந்த என் தட்டில் குண்டூசியும் சாக்பீஸும் கிடந்தன. அவற்றைக் கொட்டிவிட்டு, கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். முறை தெரிந்த மனிதர்.

“நான் பாக்காத எடமுங்க அது,” என்றேன். “தண்ணி எப்படியோ, ஆளுங்க எப்படியோ. உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?”

“எனக்கு ரெண்டும் பையன்ம்மா. ரெண்டும் இந்த ஊரைத் தாண்ட மாட்டேன்னுட்டானுங்க. போகணும்னு ஒரு புள்ள கேட்டா, நான் அனுப்பிடுவேன்.”

வீட்டுக்கு வந்து தட்டை அடுக்கில் வைத்தேன். மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எழுதிப்போடு,” என்றேன். “போன ஒடனே தண்ணி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

போய்ச் சேர்ந்த வாரமே கார்டு வந்தது. தம்பி படித்துக் காட்டினான். தண்ணீர் பரவாயில்லை, சாம்பார் என்று ஒன்று கிடையவே கிடையாது, இன்னும் அழவில்லை என்று எழுதியிருந்தாள். கார்டை அந்தத் தட்டில்தான் வைத்தேன். பார்க்காத இடத்துக்கு நான் அனுப்பிய ஒரே பெண் அவள்.

“எழுதிட்டியா? எங்க, மொதல்லேருந்து படி கேப்போம். உங்கம்மா ‘என்னைக் கேட்டியா’ன்னு கேட்டா பாரு, அந்த எடத்த வுட்டுறாத.”