எரிச்சல் இருக்கா என்று கேட்டவர்

தனபாக்கியம் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பார்மசிஸ்ட். ஜன்னல் இல்லாத அறை. வெளியே பனி விழுவதை, வருகிறவர்களின் ஷூவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1998 பனிக்காலம் முழுக்க, மதியம் தயிர்சாத டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு, சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதப்பட்ட இருநூறு பேரின் சார்ட்டுகளைப் படித்தார். எண்பத்தாறு பேருக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. சிறுநீர் போக டியூப் போட்டிருந்தது, டெஸ்டில் கிருமி தெரிந்தது, உடனே மாத்திரை. இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவருக்கு அந்த மாத்திரையால் வயிற்றுப்போக்கு. மூன்று வாரம் கூடுதலாகக் கிடந்தார்.

டாக்டர்களின் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போட்டு, யார் எத்தனை வேண்டாத மாத்திரை எழுதினார்கள் என்று கிராஃப் வரைந்தார். நாலாம் நம்பரின் கம்பம்தான் எல்லாவற்றையும்விட உயரம்.

மருந்துக் கமிட்டி மீட்டிங்கில் அதைக் காட்டுவதற்கு முந்தின நாள் டாக்டர் சுந்தரராமன் படியிறங்கி வந்தார். கமிட்டியின் தலைவர் என்பதால் ஸ்லைடுகள் முன்கூட்டியே அவருக்குப் போயிருந்தன. தனபாக்கியத்தின் கிரீன் கார்டுக்கான சிபாரிசுக் கடிதம் அவர் கையெழுத்துக்காக அவர் மேஜையில்தான் இருந்தது.

"ஏம்மா தனம், நாலு நான்தானே?"

"பேர் போடலீங்க டாக்டர்."

"நம்பர் போட்டா தெரியாதா? வெள்ளைக்காரன் முன்னாடி நம்மவனையே காட்டிக் கொடுப்பியா? பொங்கலுக்கு எங்காத்துலதானே சாப்பிட்டே!"

"வடை நல்லா இருந்துச்சுங்க. மாத்திரைதான் வேண்டாததுங்க."

"அந்த ஸ்லைடை எடுத்துடு. லெட்டர் நாளைக்கே வந்துடும்."

தனபாக்கியம் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "இடுப்பொடிஞ்சு வந்த உங்க பெரியவரு கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா போதுமுங்க. எரியுதான்னு. அதுக்கு லெட்டர் வேண்டாம், வாய் போதும்."

மறுநாள் நாலாம் நம்பர் திரையில் நின்றது. கமிட்டி புது விதி போட்டது: காய்ச்சலோ எரிச்சலோ இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்காமல் பார்மசி மாத்திரை தராது.

கடிதம் வரவில்லை. "வராட்டி போகுது. கோபியிலயும் மனுசங்களுக்கு மூத்திரம் வருது, கடை போட்டுக்கறேன்" என்றார் போனில் தங்கை சாந்தியிடம்.

வெள்ளிக்கிழமை அதே மாத்திரைக்குச் சுந்தரராமனின் மருந்துச் சீட்டு ஒன்று கீழே வந்தது. தனபாக்கியம் போனை எடுத்தார்.

"காய்ச்சல் இருக்குங்களா டாக்டர்?"

"இல்லை."

"எரிச்சல்?"

மறுமுனையில் சார்ட்டைப் புரட்டும் சத்தம்.

"போய்க் கேட்டுட்டு வரேன்."

"கேளுங்க. லைன்லயே இருக்கேன்."