கண்ணாடி போடாத கண்ணு சார்

கண் பரிசோதிக்கிறவனைக் கண்டால் ஜனங்கள் முதலில் பார்ப்பது அவன் மூக்கைத்தான். மூக்கில் கண்ணாடி இருந்தால், "இவனுக்கே தெரியல, நமக்கு இன்னாத்த பாக்கப்போறான்" என்பார்கள். இல்லாவிட்டால், "இவன் இன்னா சாப்புடுறான்னு கேளு" என்பார்கள். நான் இரண்டாவது ரகம். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவன்.

திருவள்ளூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. அதன் முகாம் வேனில் ஏறி கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளர்களின் கண்ணைச் சோதிப்பேன். கூட வருகிறவர் நர்ஸ் மெர்சி. பெயர் எழுதுவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, என் பேச்சு நீண்டால் கடிகாரத்தைக் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. என் பேச்சு நீளும்தான். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, முட்டை, மீன் என்று ஆரம்பித்து, கண்ணுக்கான பயிற்சிகளில் இறங்கி, கடைசியில் மூக்கைத் திருப்பிக் காட்டுவேன். "வயசு நாப்பத்தாறு. கண்ணாடி உண்டா பாருங்க!" ஆஸ்பத்திரியில் இந்த வசனத்தை என் படத்தோடு பேனரிலேயே அடித்துவிட்டார்கள்.

பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கும் பெருமக்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆறு மாதமாக எனக்கு வெள்ளெழுத்து. மாத்திரை அட்டையில் தேதி தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெளியே சொன்னால் மானம் போகும், பேனர் போகும், பொன்னாங்கண்ணியின் மரியாதையும் சேர்ந்து போகும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

வேலை எப்படி ஓடியது என்கிறீர்களா? கிட்டப் பார்வையைச் சோதிக்க ஒரு கை அட்டை உண்டு. ஆறு வரி எண்கள், கீழே போகப் போகப் பொடிசாகிக்கொண்டே வரும். பன்னிரண்டு வருஷமாக ஒரே அட்டை. எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் கண்ணால் படிப்பார்கள், நான் காதால் திருத்துவேன்.

கீரை வாரம்

தேர்வாய் கண்டிகையில் ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனி. அங்கே நான் பேசிய பேச்சில் மேனேஜர் உருகிப்போனார். கேன்டீன்காரரைக் கூப்பிட்டு, "இனிமே தினமும் கீரை" என்று உத்தரவு போட்டுவிட்டார். கேன்டீன்காரருக்குக் கொண்டாட்டம். கீரையைவிட மலிவாக அவருக்கு வேறென்ன கிடைக்கும்? திங்கள் கூட்டு, செவ்வாய் மசியல், புதன் பொரியல், வியாழன் கீரை சாம்பார். வெள்ளிக்கிழமை வடையிலும் கீரை.

மறுமாதம் நான் உள்ளே நுழைந்ததும் பேக்கிங் பிரிவு தாஸ் வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஆறடி ஆள். நான் சிரித்துக்கொண்டே, "எப்படி, கண்ணு நல்லாத் தெரியுதா?" என்றேன்.

"சூப்பரா தெரிது சார். இன்னிக்கும் கீரைதான்னு மெயின் கேட்டாண்டயே தெரிஞ்சிபோச்சு."

ஆறு பேர் அழுத கதை

அதே கம்பெனியில் பொடிப் பொடி ரப்பர் வளையங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, வெடிப்பு இருப்பதைத் தள்ளுகிற மேஜை ஒன்று உண்டு. ஆறு பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி அமுலு. எளாவூர்ப் பக்கம் வீடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு, போன வருஷம் வைத்தியம் பார்த்த முழங்கால் ஒன்று. உட்கார்ந்து செய்கிற வேலை கம்பெனியிலேயே அந்த மேஜையில் மட்டும்தான். கண்ணாடி போட்டவர்களை அதில் உட்கார வைப்பதில்லை. ஏனென்று கேட்காதீர்கள், அந்தக் கம்பெனி வழக்கம் அப்படி. கிட்டப் பார்வை சோதனையில் தேறாவிட்டால் லோடிங் பக்கம் போய் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அமுலுவின் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது. அதனால் என் பேச்சை அந்தக் கம்பெனியில் நிஜமாகவே காதில் வாங்கிய ஒரே ஆள் அமுலுதான்.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மூடிய கண்கள் மேல் அழுத்தாமல் பொத்தி ஒரு நிமிஷம் வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். டீ நேரத்தில் ஆறு பேரும் வரிசையாக முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேனேஜர் உள்ளே வந்திருக்கிறார். ஆறு பேரும் அழுகிறார்கள் என்று மனிதருக்கு வெலவெலத்துப்போயிற்று. "இன்னாம்மா ஆச்சு? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றாராம். அமுலு கையை எடுக்காமலேயே, "இங்க ஃபேன் இல்ல சார்" என்றிருக்கிறார். மறுநாளே ஃபேன் வந்துவிட்டது. கண்ணுக்குப் பயிற்சி எப்படி இருக்கிறது என்று அடுத்த முகாமில் கேட்டேன்.

"கண்ணுக்கு எப்டியோ சார், காத்து ஜில்லுனு வருது."

தூரப் பார்வை

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி டிரைவர்களுக்கு ஒரு முகாம். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் இருபது அடி தள்ளி எதையாவது இருபது விநாடி பாருங்கள் என்பது என் மனப்பாடப் பேச்சு. கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை யோசிக்காமல் இங்கேயும் எடுத்துவிட்டேன். நெல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். என்னைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நைனா, கல்கத்தா வரைக்கும் நான் தூரமாத்தான் பாத்துக்கினு போறேன். மாசத்துல ரெண்டு நாளு ஊட்டுக்குப் போறப்பதான் பொண்டாட்டி மூஞ்சிய கிட்ட பாக்கிறேன். அதையும் தூரமா பாக்கச் சொல்றியா?"

சிலபஸ்

மறுபடி ரப்பர் கம்பெனி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முருகேசனுக்குத் தூரப் பார்வைச் சோதனை. சுவரில் மாட்டிய பலகையில் ஒரு பக்கம் எழுத்துகள், மறுபக்கம் எண்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்து முணுமுணுத்து எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். முருகேசன் முறை வந்ததும் சத்தமில்லாமல் பலகையைத் திருப்பி மாட்டினேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "க, ப, ட, ம..." என்று எண்களைப் பார்த்து எழுத்துகளை ஒப்பித்தார்.

வந்ததே எனக்குக் கோபம். "மூணு டன் வண்டி ஓட்டுறவர் இப்படிப் பண்ணலாமா? கண்ணாடி போடறதுல இன்னா வெக்கம்? மனப்பாடம் பண்ணி யார ஏமாத்துறீங்க?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அதோடு விட்டேனா? எல்லா அட்டைகளையும் மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிப் போட்டேன். மெர்சி ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். முருகேசனுக்கோ என்மேல்தான் மனத்தாங்கல்.

"இன்னா சார் நீ, சிலபஸ்ஸ மாத்திட்டு சொல்லாம கொள்ளாம பரீட்சை வெக்கிற?"

புது அட்டை

போன மாதம் கம்பெனி முழுவதற்கும் வருஷச் சோதனை, முதலில் அமுலுவின் மேஜை. முதல் ஆளாக அமுலு நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைக் கையில் வாங்கினார். முதல் மூன்று வரி கடகடவென்று வந்தது. நாலாவது வரியில், "அஞ்சு, எட்டு, ஒண்ணு, ஆறு" என்றார். என் மனப்பாடத்தில் அது ஏழு, மூணு, ஒம்பது, ரெண்டு. "தப்பு" என்றேன். அடுத்த வரியும் தப்பு. கடைசி வரியும் தப்பு. திரும்பப் படிக்கச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் படித்தார்.

"சார், தினமும் கீரை சாப்புடுறேன். நீ சொன்னதெல்லாம் பண்றேன். எனக்கு நல்லாத்தான் தெரிது. நின்னு வேல செய்ய என்னால முடியாது சார்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்துவிட்டேன். 'தேறவில்லை' என்று எழுதப் போகும்போது அமுலு எழுந்து அட்டையை என் முன்னால் நீட்டினார். "அப்ப நீ படி சார், நான் கேக்கறேன்."

அட்டையை வாங்கி, கையை முடிந்தவரை நீட்டி, நாலாவது வரியை ரொம்ப கம்பீரமாகப் படித்தேன். "ஏழு, மூணு, ஒம்பது, ரெண்டு." அமுலு வாயைப் பிளந்தார். வரிசையில் நின்ற முருகேசன் எட்டிப் பார்த்தார். நான் எழுதிக்கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டிருந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "சார், சிலபஸ் மாறிடுச்சி."

நான் கடிதம் எழுதிக் கேட்ட அதே புது அட்டை. முந்தின நாள் நான் லீவில் இருந்தபோது பார்சலில் வந்திருக்கிறது. மேல் மூன்று வரி பழசு, கீழ் மூன்று வரி புதுசு. வரிசை முழுக்க ஓவென்று சிரித்தது. என் காது இரண்டும் எரிந்தன. மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, ஒன்றரை பவர் கண்ணாடி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "மூணு மாசமா பாத்துக்கினுதான் கீறேன் சார். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

போட்டுக்கொண்டேன். அட்டையில் அஞ்சு, எட்டு, ஒண்ணு, ஆறு என்று அச்சுப்போல நின்றது. நிமிர்ந்தால் அமுலுவின் கண் ஓரத்தில் ஈரம். என் வீம்புக்காக ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அமுலு ஆறு வரியையும் மறுபடி படித்தார், நான் இந்த முறை கண்ணால் திருத்தினேன். ஒரு எண் கூடத் தப்பில்லை. 'தேறினார்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். அமுலு சீட்டை ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, பின்னால் நின்ற நாற்பது பேரையும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"பேஜாரு ஆவாத சார். யாருக்கும் தெரியாம நாங்க பாத்துக்கறோம்."

பொன்னாங்கண்ணி என் கண்ணைக் காப்பாற்றியதோ இல்லையோ, அமுலுவின் நாற்காலியைக் காப்பாற்றியது என் மூக்கில் ஏறிய ஒன்றரை பவர்தான்.