ஓர் ஆள் வீடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. என் நாத்தனாருக்கு நடந்தது. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அவளுக்குக் காது பரிசோதிக்கும் வேலை. வருகிறவர் காதில் கருவியை மாட்டிவிட்டு, "கேக்குதா? இப்போ?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். எது சத்தம், எது பிரமை என்று அவளுக்குத் தெரியாததா? கணவர் போய் நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. விடுமுறை என்றாலே அவளுக்குப் பிடிக்காது. வீட்டில் அவளும் நான்கு சுவரும்தான்.

அப்படி ஒரு விடுமுறை மதியம். அருங்காட்சியகத்தில் புதுமையான வடிவமைப்புகளின் கண்காட்சி என்று கேள்விப்பட்டுப் போனாள். வெளியே மழை. உள்ளே ஈ, காக்கை இல்லை. ஏணியாக மாறும் நாற்காலி, காகிதத்தில் கட்டிய பாலம், சுருட்டி எடுத்துப் போகும் கூரை... எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசிக் கூடத்துக்கு வந்தாள்.

அங்கே ஒரு வீடே நின்றது. கட்டடக் கலைஞர் ஒருவர், தான் தனியாக வாழக் கட்டிக்கொண்டதாம். அவர் இறந்தபின் பெயர்த்து வந்து பொருத்தியிருந்தார்கள். ஒரே அறை. கட்டில் சுவருக்குள் மடங்கும். அடுப்பு அலமாரிக்குள். ஓரமாக, தண்டவாளத்தில் நகரும் ஒரு மரச்சுவர்.

உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் தொட்டி ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். குழாய்க்கு இணைப்பே இல்லை.

நாற்காலியில் கை வைத்தாள். சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல...

க்ர்ர்ர்... மரச்சுவர் கொஞ்சம் நகர்ந்தது.

"வந்துட்டியா?"

வயதான ஆண் குரல். அவள் கணவர் குரல் இல்லை. தெரிந்தும் வாய் தானாகத் திறந்தது.

"வந்துட்டேன்."

நான்கு வருடமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"சாப்பிட்டியா?"

"இல்ல..."

"எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கேன். உக்காரு."

உட்காரத்தான் போனாள். இடுக்கு வழியே கண் போனது.

சுவருக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட இல்லை.

க்ர்ர்ர்...

ஓடினாள்.

வாசலில் காவலாளி நின்றிருந்தார். "உள்ள யாரும்மா? ஒரு பெரியவர் பேசிட்டிருந்தாரே?"

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு. பதிலே இல்லாம தனியா பேசினாரு. அதான் பாக்க வந்தேன்."

அவள் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தாள். அவள் சத்தமாகத்தானே பதில் சொன்னாள்?

தூக்கம் போயிற்று. விசாரித்துக்கொண்டு, அந்த வீடு முன்பு நின்ற தெருவுக்கே போனாள். பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா. இவள் வாயைத் திறந்ததுமே, "பழகின குரலா இருக்கே. இங்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்ற இவள், அந்த வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள்.

"பாவம்மா அவரு. தினமும் சாயங்காலம் வந்துட்டியா, சாப்பிட்டியான்னு அவரா கேட்டுக்குவாரு. பதில் சொல்ல ஆளில்ல. ஒன்பது வருஷம் முன்னாடி, ஒரே ஒரு நாள், வந்துட்டேன்னு ஒரு பொம்பள குரல் கேட்டுச்சு. அப்பாடா, யாரோ வந்துட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன்..."

தையல்காரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"காலையில பாத்தா உயிர் இல்ல. மேசையில ரெண்டு தட்டு. ரெண்டுமே தொடாம ஆறிக் கிடந்துச்சு."