நாலு எலுமிச்சம்பழத் தூரம்

எங்கள் வீட்டில் கார் வாங்கியதே நான் ஓட்டப் பழகுவதற்காகத்தான். இதை இப்போது சொன்னால் என் கணவரே நம்பமாட்டார்.

ஆலங்குடியிலிருந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்குள் போகாது. மெயின் ரோட்டில் இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலையில் ஒட்டிய சேற்றைத்தான் பார்ப்பார்கள். அது போக, என் அக்கா ஆவுடையார்கோவிலில் இருந்தாள். நினைத்த மாத்திரத்தில் போய், அவளோடு காபி குடித்து, ஒரு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் சண்டை போடுகிற தெம்பே போய்விடும்.

"புதுசு வேணாம், பழசா வாங்குவோம்" என்றார் அவர். "நீ பழகுறப்ப எங்கிட்டாவது இடிச்சாலும் மனசு கஷ்டப்படாது. பழைய வண்டிதானே, இடிச்சா இடிச்சுட்டுப் போவுது." எவ்வளவு நியாயமான பேச்சு! அந்த வார்த்தையை நம்பித்தான் எல்.எல்.ஆர். எடுத்தேன்.

அறந்தாங்கிப் பக்கம், வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில் கிடைத்தது. சின்ன கார். வெள்ளை என்று பெயர், பழுப்பேறிக் கிடந்தது. டிரைவர் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. இதற்கு மேல் இதைக் கெடுக்க என்னால் முடியாது என்ற தைரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் காரை இறக்கிப் பழகினோம். "கிளட்ச்ச மெதுவா விடு, மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சில வாரங்களில் வண்டி என் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. நான் செகண்ட் கியரில் வருவதைப் பார்த்து ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மரியாதையை எந்த ஹெட்மாஸ்டரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அப்புறம் ஒரு கருவேல மரத்து மூட்டில் முன்பம்பரை இடித்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. புதுக்கோட்டைக்கு டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். வினை அங்கேதான் பிடித்தது.

"பம்பருக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்ணே. முழுசா அடிச்சிருவோம்" என்றாராம் பட்டறைக்காரர். கார் பால் மாதிரி திரும்பி வந்தது. புதுப் பெயிண்டுக்குப் பழைய சீட் எடுப்பாக இல்லை, சீட் மாற்றினார். சீட் மாற்றிய பிறகு சத்தம் போடுகிற கிளட்ச் உறுத்தியது. கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியார் கதைதான். கடைசியில் கதவுகூட உள்ளேயிருந்து திறந்தது.

தன்னுடைய உரக்கடைக்கு அவர் பைக்கிலேயே போய்வந்தார். கார் என்ன ஆச்சு என்று கேட்டால், "கடை வாசல்ல நெழல் இல்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பனியன் துணியால் காரைத் துடைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட என் நெற்றியை அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை.

"கண்மாய்க்குப் போவமாங்க?" என்று கேட்பேன்.

"இப்பத்தானே கிளட்ச் மாத்தியிருக்கு. கொஞ்சம் செட்டாகட்டும், அப்புறம் ஓட்டு."

அடுத்த முறை கேட்டால் டயர் புதுசாக இருக்கும். அதற்கடுத்த முறை வேறு ஏதாவது. என் எல்.எல்.ஆர். காலாவதியானது. மறுபடி எடுத்தேன், அதுவும் போயிற்று. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். நீ ஓட்டக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்புறம் என்றுதான் சொன்னார்.

வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் அந்த சீட் எனக்குக் கிடைக்கும். ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைப்பார். "நீதான் ஏத்தணும். ஒன் கைராசி" என்று என்னை உட்கார வைப்பார். நான் கிளட்சை மெதுவாக விடுவேன். பழங்கள் நசுங்கும். உடனே பானெட்டில் கை வைத்து, "போதும் போதும்" என்பார். இறங்கிவிடுவேன். ஒரு வருஷம் வேண்டுமென்றே பிரேக் போடாமல் கேட் வரைக்கும் போனேன். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே நிறுத்தினேன். அன்றைக்கு அப்படியே போயிருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. இவர் சரக்கு எடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தார். கார் ஷெட்டில் நின்றது. கதவோர ஆணியில் சாவி தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அக்கா காலில் கட்டோடு படுத்திருந்தாள்.

"வாசல்ல கார நிப்பாட்டி வச்சுக்கிட்டு பஸ்லயாடி வந்த?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அவரே ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனிமே நீதான் ஓட்டணும், டீச்சரம்மா."

உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. இந்தத் தடவை இருவருமே சிரிக்கவில்லை. போவதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. அக்காவும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். நாலைந்து காலைகள் முயன்றுவிட்டு, "வித்துருவோங்க" என்று நான்தான் சொன்னேன்.

கீரனூரிலிருந்து ஒரு நர்ஸ் தன் அண்ணனோடு வந்தாள். தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவள். "இப்பத்தான் லைசென்ஸ் வாங்கினேங்கா. பழகுறதுக்குப் பழசா இருந்தாத் தேவலன்னு பாத்தோம்" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பேசி முடித்ததும் அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறினான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டைத் தாண்டும்போது தூணில் பின்கதவு உரசிக் கிறீச்சென்று சத்தம் கேட்டது. நான் சட்டென்று இவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் பதறி இறங்கினாள். வண்டி அவளுடையதாகிவிட்டது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

இவர் வலிக்கிற காலோடு குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பரவாயில்லம்மா. பழைய வண்டிதானே, இடிச்சா இடிச்சுட்டுப் போவுது" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே ஏறி, திருச்சி ரோட்டுப் பக்கம் ஓட்டிப் போனாள். கார் மறையும் வரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வார்த்தையை அவர் மறுபடி சொல்லட்டும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். சாவி என்னவோ எப்போதும் என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்கியது.